கிளச் பிடி இல்லாத வண்டிக்கு எந்த ஒயில்? கல்முனைக் கரையிலும் தமிழ்நாட்டிலும்

மருதமுனையில் நெய்த சாரன் கட்டுகள், கரைவலை மீன் நிறைந்த பெட்டி, சம்மாந்துறை வட்டைக்குப் போகும் உரப் பை. எதை ஏற்றினாலும் முனகாமல் இழுக்கும் வண்டி என்று எங்கள் கரையில் ஹொண்டா எம்டி நைன்டிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஜப்பானில் தபால் கொண்டுபோவதற்காகவே செய்யப்பட்ட வண்டி அது. அங்கே வேலை முடிந்து, பாவித்த வண்டியாக இங்கே வந்திறங்கி, இரண்டாம் ஆயுளைத் தொடங்கியது. இடக்கையில் கிளச் பிடி கிடையாது. காலால் கியரை மிதித்தால் போதும். சீ ஃபிஃப்டி, சீ செவன்ட்டி, சீ நைன்டி, சின்னச் சில்லுச் சாலி எல்லாம் அதே குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

அந்தக் குடும்பத்தின் மூத்தது 1958-இல் வந்த சூப்பர் கப். ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டுகிற கடைப் பையனுக்கும் ஏற்ற வண்டியாக இருக்க வேண்டும் என்பதுதான் ஹொண்டா நிறுவனத்தை நடத்திய சொய்சிரோ ஹொண்டாவும் தக்கேயோ ஃபுஜிசாவாவும் வைத்துக்கொண்ட கணக்கு. அதனால் சுழற்சி வேகத்தில் தானாகவே பிடித்துக்கொள்ளும் கிளச்சை வைத்தார்கள். 2017-இல் இந்தக் குடும்பத்தின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது.

பழைய தானியங்கி மோட்டார் சைக்கிள் என்றதும் மேலைநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு வேறு வண்டிகள் நினைவுக்கு வரும். இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி 1975-இல் கொண்டுவந்த கன்வெர்ட்டில், காரில் இருப்பதைப் போன்ற டோர்க் கன்வெர்ட்டர் இருந்தது. அதற்கென்றே தனி ஒயில் தொட்டி, தனிப் பம்பு, தனிக் கூலர். அடுத்த ஆண்டு வந்த ஹொண்டா சிபி 750 ஏ-யில் தனி ஒயில் இல்லை, எஞ்சின் ஒயிலே அந்த வேலையையும் செய்தது. அந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் இன்றும் குழாயை மாற்றுகிறார்கள், கூலரை மாற்றுகிறார்கள். எங்கள் ஊர்க் கராஜில் அந்த வண்டிகளைக் காண முடியாது. ஆனால் அவர்களுக்கும் நமக்கும் கவலை ஒன்றேதான்: கிளச்சைக் கையால் ஆளாத வண்டியில் அந்த ஆட்சி முழுவதும் ஒயிலின் கையில் இருக்கிறது.

எம்டி நைன்டியின் வயிற்றுக்குள் போவது ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயில். அது மேலே ஏறிக் கேம் ஷாஃப்டை நனைக்க வேண்டும், பிஸ்டன் சூட்டை வாங்க வேண்டும், கியர்ப் பற்களுக்கு இடையில் நிற்க வேண்டும், கிளச் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கவும் விட வேண்டும். வழுக்கலைத் தருவதற்கென்று ஊற்றுகிற ஒயிலுக்குள்ளேயே, வழுக்காமல் பிடிக்க வேண்டிய பிளேட்டுகளும் கிடக்கின்றன. இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாமல் எந்த மாற்றத்தைச் செய்தாலும் அது வண்டிக்குக் கேடாகத்தான் முடியும்.

காகித ஃபில்டர் இந்தப் பழைய எஞ்சின்களில் இல்லை. கீழே ஒரு கம்பி வலை இருக்கிறது. மற்ற வேலையைக் கிளச்சே பார்க்கிறது. கிரேங்கோடு சேர்ந்து அது சுழலும்போது ஒயிலில் உள்ள இரும்புத்தூளும் கரியும் வெளிச்சுற்றுக்குத் தள்ளப்பட்டு, கிளச் மூடியின் உட்புறத்தில் களிம்பாகப் படிந்துவிடுகின்றன. புது ஒயிலை ஊற்றுவதால் மட்டும் அந்தக் களிம்பு போகாது. வலப்பக்க மூடியைக் கழற்றி, கிளச் மூடியையும் கழற்றி, வழித்தெடுத்துப் பெற்றோலால் கழுவ வேண்டும். வலையையும் அப்போதே உருவிச் சுத்தம் செய்ய வேண்டும். பத்து வருடம் ஒயில் மாற்றிக்கொண்டே வந்த வண்டியில்கூட இந்த மூடி ஒரு தடவையும் திறக்கப்படாமல் இருக்கலாம். இந்த வண்டிகளுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை இதுதான் என்று நான் நம்புகிறேன். அதற்குப் புதுச் சாமான் வாங்கத் தேவையில்லை, ஒரு கேஸ்கட் போதும்.

ஆனால் கராஜில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் வேறு மாதிரி.

"காக்கா, வண்டி இழுக்குதில்ல. சத்தம் மட்டும் வருது."

"கடசியா என்ன ஒயில் உட்டீங்க தம்பி?"

அதற்கு விடை தெரியாத முகங்களே அதிகம். எஞ்சின் பழசு, புகைக்கிறது, கொஞ்சம் தடித்த ஒயில் விட்டால் நிற்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். புகை கொஞ்சம் அடங்கலாம். ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணி முதல் கியரை மிதித்ததும் வண்டி துள்ளும், நியூட்ரல் கிடைக்காமல் அடம்பிடிக்கும். தடித்த ஒயில் பிளேட்டுகளைப் பிரிய விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். கார் ஒயில் விட்டவர்களுக்கு இதற்கு நேர்மாறாக, பிளேட்டுகள் பிடிக்காமல் வழுக்கும் தொல்லை வரலாம். பெற்றோல் மிச்சம் பிடிப்பதற்காக உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஒயில்கள் இப்போது நிறைய. அவை எஞ்சினுக்கு நல்லவை, நனைந்த கிளச்சுக்கு விஷம்.

இதைத் தீர்க்கத்தான் ஜப்பானியர்கள் 1998-இல் ஜாசோ என்ற தர முறையில் மோட்டார் சைக்கிள் ஒயில்களைப் பிரித்தார்கள். ஒயிலில் நனையும் கிளச்சுக்கு எம்ஏ. கிளச் ஒயிலில் படாத, பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டருக்கு எம்பி. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ஸ்கூட்டருக்கென்று வரும் 800 மில்லிலீற்றர் போத்தலை எடுத்துப் பாருங்கள். அளவு பழைய கப் எஞ்சினுக்கு ஏறக்குறைய பொருந்தும், 10டபிள்யூ-30 என்ற தடிப்பும் பொருந்தும், விலையும் இடிக்காது. கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் எடுத்துத் தருவார். ஆனால் அது எம்பி என்றால், சுமை ஏற்றிய எம்டி நைன்டி பாலத்து மேட்டில் ஏற மறுக்கலாம்.

இந்தியாவில் இந்தக் குழப்பம் இவ்வளவு தூரம் வளரவில்லை. அதற்குக் காரணம் அவர்களுடைய வண்டிகளின் வரலாறு. கிளச் பிடி இல்லாத கியர் வண்டி அங்கே வேர்விடவில்லை. ஹீரோ ஹொண்டா 1990களின் பிற்பகுதியில் கப் அச்சிலேயே ஸ்ட்ரீட் என்ற வண்டியைக் கொண்டுவந்தது, எடுபடவில்லை. 2009-இல் டிவிஎஸ் ஜைவ் வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. தானியங்கி வசதி தேடிய தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நேரே பெல்ட்டுக்குப் போய்விட்டன. 1980களின் நடுவில் வந்த கைனட்டிக் ஹொண்டா, 98 சிசி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினும் செல்ஃப் ஸ்டார்ட்டுமாக அந்த வழியைத் திறந்தது. ஆக்டிவா ஸ்கூட்டர் அதை நெடுஞ்சாலையாக்கியது. ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50-இலும் தானியங்கிக் கிளச்தான், ஆனால் மாற்றுவதற்குக் கியர் இல்லை.

அதனால் அங்கே ஒயில்கள் பிரிந்து நிற்கின்றன. கைனட்டிக் ஹொண்டாவில் எஞ்சினுக்கு 2டி ஒயில், பின்சில்லுக் கியர்ப் பெட்டிக்கு வேறு ஒயில். இரண்டாவது 100 மில்லிலீற்றரை ஒட்டிய அளவு. சிறிதென்பதால் மறந்துபோகிறது, பின்சில்லில் ஊளைச் சத்தம் வந்த பிறகுதான் நினைவு வருகிறது. பழைய கைனட்டிக்கில் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் செய்யும் மாற்றம் ஒன்று உண்டு. ஒயில் பம்பு பழுதானால் அதைத் துண்டித்துவிட்டு, 2டி ஒயிலை நேரே பெற்றோலில் கலந்து ஓட்டச் சொல்வார்கள். பம்பு தேடி அலைவதைவிட இது பாதுகாப்பு. பம்பு ஓசையில்லாமல் நின்றால் பிஸ்டன் பிடித்துவிடும், கையால் கலந்த ஒயிலில் அந்தப் பயம் இல்லை. ஆனால் மெதுவாக ஓடும்போது தேவைக்கு மேல் ஒயில் எரிந்து புகைக்கும். வண்டி ஓட வேண்டியவருக்கு அந்த மாற்றம் சரி, வண்டியைப் பாதுகாக்க நினைப்பவர் பம்பைத் திருத்துவதுதான் முறை.

கப் எஞ்சினின் ஞானம் இந்தியாவில் இல்லாமலும் இல்லை. ஸ்பிளெண்டர் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைத் திறந்து பாருங்கள், கிரேங்க் முனையில் அதே சுழல் ஃபில்டர் இருக்கிறது. அங்கே கிளச்சை ஆள்வது கைப்பிடி என்பதால் தவறு நடந்தாலும் ஓட்டுநரின் விரலுக்கு உடனே தெரிந்துவிடும். எம்டி நைன்டியில் பிளேட் பாதி தேயும்வரை சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

பழைய வண்டியை வைத்திருக்கும் மனதும் இரு கரைகளிலும் வேறு. தமிழ்நாட்டில் 15 வருடம் கழிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 2022 ஏப்ரலில் இருசக்கர வண்டியின் புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. அதைக் கட்டுவதைவிடப் புதிதாக ஒன்றைத் தவணையில் எடுப்பது பலருக்கு இலகு. இங்கே இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டியை உயிரோடு வைத்திருப்பது ஆசைக்காகச் செய்த வேலையாக இருக்கவில்லை. கிடைத்த சீனச் சாமானைப் போட்டு ஓட்டிய கராஜ்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

சிலர் இந்த எஞ்சின்களுக்கு ஒயில் கூலர் பூட்டுகிறார்கள். பந்தயத்துக்கு உசுப்பிய எஞ்சினுக்கு அது தேவை. சந்தைக்கும் கடற்கரைக்கும் ஓடும் வண்டிக்குத் தேவையில்லை. குறுந்தூர ஓட்டத்தில் ஒயில் போதிய சூடு ஏறாவிட்டால் உள்ளே சேரும் ஈரம் வெளியேறாது. எங்கள் கரைக்கு வேண்டிய மாற்றம் மூச்சுக்குழாயில் இருக்கிறது. மாரியில் தெருவில் வெள்ளம் நிற்கும்போது எஞ்சினின் மூச்சுக்குழாய் வாய் தாழ்ந்திருந்தால் நீரை உறிஞ்சிவிடும். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறினால் அதுதான் அடையாளம். குழாயை நீட்டி சீட்டுக்கு அடியில் உயர்த்திக் கட்டுவது மலிவான, நல்ல வேலை. நிறம் மாறிய ஒயிலோடு ஒரு நாளும் ஓட்டக் கூடாது. உப்பு நீர் என்றால் அன்றைக்கே வடித்து, புது ஒயில் விட்டுச் சிறிது ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சர்வீஸ் நிலையங்களிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது ஒரு பழக்கம்: என்ன ஒயில், எப்போது விட்டது என்று எழுதி ஒட்டுவது. மீற்றர் ஓடாத வண்டிகளே இங்கே அதிகம் என்பதால் கிலோமீற்றருக்குப் பதில் திகதியை எழுதலாம்.

சரியான ஒயில் விட்டு, களிம்பை வழித்த பிறகும் வண்டி வழுக்கினால் பிளேட்டை வாங்க ஓட வேண்டாம். வலப்பக்க மூடியில் பூட்டு நட்டோடு, கிளச்சைச் சரிசெய்யும் ஒரு திருகு இருக்கிறது. நட்டைத் தளர்த்தி, திருகை வலஞ்சுழியாக ஒரு சுற்றுக் கொடுத்து, பிறகு இடஞ்சுழியாக மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் லேசாகத் தடுக்கும். அங்கிருந்து வலஞ்சுழியாக எட்டில் ஒரு சுற்று, அவ்வளவுதான், நட்டை இறுக்கிவிடலாம். அதற்குப் பிறகும் வழுக்கினால் பிளேட் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.