ஜன்னலைக் கழிக்கும் கணக்கு

கட்டட எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்தால் எல்லோரும் கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகைக்குப் போவார்கள். எனக்குக் கழிவு வரிகள்தான் பிடிக்கும். சுவரை முழுசாக அளந்துவிட்டு, பிறகு கதவையும் ஜன்னலையும் வெளியே எடுக்கிற இடம் அது.

பூச்சு வேலைக்கு, கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1200-இன் 12-ஆம் பகுதி ஒரு விதி வைத்திருக்கிறது. அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை என்றால் ஒரு பக்கத்தை மட்டும் கழிக்க வேண்டும். கழிக்காத மறுபக்கம், ஜன்னலைச் சுற்றி உள்விளிம்பு பூசும் வேலைக்கு ஈடாகிவிடும். அதையும் தாண்டினால் இரு பக்கமும் கழித்து, விளிம்பைத் தனியே அளந்து சேர்க்க வேண்டும். விளிம்பில் கரணையோடு மல்லுக்கட்டும் கொத்தனாரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும்.

இப்போது மென்பொருள் வந்துவிட்டது. திரையில் பிளானின் மூலைகளைச் சொடுக்கினால் பரப்பளவு வந்து நிற்கிறது. 1:1.5:3 கான்கிரீட் கலவை என்றால் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் என்று அதுவே போட்டுக்கொள்ளும். வசதிதான், யார் மறுத்தார்கள்? ஆனாலும் புதிதாக ஒன்று வந்தால், சின்ன வெண்டிலேட்டர் ஒன்றை வரைந்து, பூச்சில் அதைக் கழிக்கிறதா என்று பார்ப்பேன். கழித்தால், விதியை மாற்ற இடம் உண்டா என்று தேடுவேன். மணலை யூனிட்டில், அதாவது 100 கன அடிக் கணக்கில், காட்டினால் இன்னும் கொஞ்சம் பிடித்துப்போகும்.