நியூட்ரல் பூட்டு எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை

அவுட்போர்டு மோட்டாரின் கயிற்றை இழுப்பவர் படகின் பின்முனையில், மோட்டாரைப் பார்த்தபடி, படகு போகும் திசைக்கு முதுகு காட்டி நிற்பார். அப்போது லீவர் முன் கியரில் கிடந்தால், எஞ்சின் பிடித்த நொடியே படகு பாயும். அவர் தண்ணீரில் விழுவார். ஆளில்லாத படகு நேராகவும் போகாது. விசிறியின் சுழற்சி விசை மோட்டாரை ஒரு பக்கம் திருப்பிவிட, வட்டமடித்து விழுந்தவர் மேலேயே திரும்பி வரும்.

இதைத் தடுக்கத்தான் நியூட்ரல் பூட்டு. 115 பவுண்டு அல்லது அதற்கு மேல் நிலை உந்துவிசை தரக்கூடிய அவுட்போர்டு மோட்டார்களுக்கு அமெரிக்காவில் இது சட்டப்படியே கட்டாயம். செல்ஃப் ஸ்டார்ட் மோட்டாரில், சாவியிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேவுக்குப் போகும் மெல்லிய ஒயரின் நடுவே ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். நியூட்ரலில் மட்டும் அது மின்சாரத்தை விடும். கயிறு இழுக்கும் மோட்டாரில் மின்சாரமே வேண்டாம். கியர் இணைப்பிலிருந்து வரும் ஒரு கேபிள் கயிற்று உருளையைப் பூட்டிவிடும், கயிறு அசையாது. விலை குறைந்த, எளிய ஏற்பாடு. மனிதனின் கவனத்தை நம்பாமல் இயந்திரத்தையே மறுக்க வைப்பது இதன் பெரிய பலம்.

ஆனால் பல மோட்டார்களில் சுவிட்ச் பார்ப்பது லீவரையும் அதன் இணைப்பையும்தான், விசிறியை அல்ல. ரிமோட் பெட்டிக்குள் சுவிட்ச் இருந்து, கியர் கேபிள் இழுபட்டோ தவறாகப் பொருத்தப்பட்டோ போனால், மேலே லீவர் நியூட்ரலைக் காட்டும். கீழே கியர் பிடித்தே இருக்கும். சுவிட்ச் தடையின்றி அனுமதி தந்துவிடும். இந்தக் குறையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பூட்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

மற்றொரு குறை நேர்மாறானது. உப்புக்காற்றில் சுவிட்சின் முனைகள் அரித்துப்போகும். சாவியைத் திருப்பினால் சத்தமே வராது. லீவரைச் சற்று ஆட்டினால் திடீரென்று ஸ்டார்ட் ஆகும். பழுதானால் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது துறைமுகத்துக்குள் நல்லது. அலையுடைப்பில் எஞ்சின் நின்றுபோன கன்னியாகுமரி வள்ளத்துக்கு அதுவே ஆபத்து. அதனால்தான் ஆட்கள் சுவிட்சின் இரு ஒயர்களையும் முறுக்கி இணைத்துவிடுகிறார்கள், பூட்டுக் கேபிளைக் கழற்றி எறிகிறார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது. அவர்கள் செய்வது தவறு. அன்றைய கடலுக்காகச் செய்த இணைப்பு, வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறது. அடுத்து மோட்டாரைத் தொடுபவருக்கு அது தெரியாது.

அவசரத்துக்கு வழி ஏற்கெனவே உண்டு. பல மோட்டார்களில் மேல்மூடியை எடுத்து, ஃபிளைவீலில் நேரடியாகக் கயிறு சுற்றி இழுக்கலாம். அப்படி இழுக்கும்போது நியூட்ரல் பூட்டு வேலை செய்யாது என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. இது ஒளிவுமறைவற்ற ஏற்பாடு: காப்பு விலகுகிறது என்று தெரிந்தே செய்கிறோம். முறுக்கிய ஒயரில் அந்தத் தெளிவு இல்லை.

எஞ்சின் ஓடத் தொடங்கியபின் இந்தப் பூட்டால் பயனில்லை. 2013 மே மாதம் இங்கிலாந்தின் பேட்ஸ்டோ அருகே வேகப்படகிலிருந்து ஆறு பேர் தூக்கி வீசப்பட்டார்கள். ஆளில்லாத படகு அவர்களிடையே சுற்றியதில் இருவர் இறந்தார்கள். எஞ்சினை நிறுத்தும் கில் கயிறு ஓட்டியவரின் உடலில் மாட்டப்பட்டிருக்கவில்லை. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

சோதனைக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. கரையில் விசிறியைக் கழற்றிவிட்டு, லீவரை முன் கியரில் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். பிறகு பின் கியரில். இரண்டிலும் ஸ்டார்ட்டர் சுழலக் கூடாது. அடுத்து, எஞ்சின் நின்றிருக்க, லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து விசிறித் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள்; இரு பக்கமும் தடையின்றிச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் சுவிட்சைக் குறை சொல்லாமல் முதலில் கேபிளைச் சரிசெய்யுங்கள்.