கட்டி முடித்த பிறகும் ரசிக்கலாம்: மலைநாட்டில் ஒரு கிட் ரேடியோ

சில நூறு ரூபாவுக்கு ஒரு இலத்திரனியல் கிட் வாங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டுகிறோம். விளக்கு மினுக்குகிறது, அல்லது பாட்டு வருகிறது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுகிறோம். அத்தோடு அது லாச்சிக்குள் போய்விடுகிறது. இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் பலருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் கிட்டின் பெரிய சுகமே அது வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் ஆரம்பம். ஒரு பாகத்தைக் கழற்றி, அந்த இடத்தில் வேறொன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். போடுவதற்கு முன் என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டும். நடந்ததையும் ஊகித்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கிறபோதுதான் அந்தப் பலகை நம்முடையதாகிறது.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு ஏற்ற கிட் ரேடியோதான். மலையும் பள்ளத்தாக்கும் இரவும் இடியும் அந்தச் சின்னப் பலகை வழியே காதுக்கு எட்டும். சமதரையில் இருப்பவர்களுக்கு இந்த அளவு கொடுப்பினை இல்லை.

எதை வாங்குவது

கொழும்பு புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் இலத்திரனியல் பாகங்கள் விற்கும் கடைகள் இருக்கின்றன. கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோ தம்பியோ தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வரும்போது வாங்கிவரச் சொல்லலாம். பார்சலிலும் எடுக்கலாம். முதலில் இரண்டு டிரான்சிஸ்டரில் ஓடும் மினுக்கு விளக்குக் கிட் ஒன்று. அடுத்தது TA7642 என்ற மூன்று கால் சிப்பில் ஓடும் மத்திய அலை ரேடியோ. 25 அல்லது 30 வாட் சோல்டரிங் அயன், நடுவில் ரோசின் உள்ள 60/40 ஈயக்கம்பி, சின்னக் கட்டர், மலிவான மல்டிமீட்டர் ஆகியவை கூட வேண்டும். பெட்டரியில் ஓடும் கிட்டுகளை மட்டும் வாங்குங்கள். சுவரில் வரும் 230 வோல்ட் கரண்டில் நேரடியாகச் செருகும் கிட் எதையும், அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் தொடவேண்டாம்.

நிறத்தைப் படியுங்கள்

பையைப் பிரித்ததும் அயனைச் சூடாக்காதீர்கள். பாகங்களை வெள்ளைத்தாளில் பரப்பி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரெசிஸ்டரின் உடம்பில் உள்ள வளையங்கள் எண்கள். கறுப்பு 0, மண்ணிறம் 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. முதல் இரண்டு வளையமும் இலக்கங்கள். மூன்றாவது, பின்னால் எத்தனை பூச்சியம் என்று சொல்லும். மண்ணிறம், கறுப்பு, செம்மஞ்சள் என்றால் 10,000 ஓம். மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4,700 ஓம். கடைசியில் தங்க நிறம் இருந்தால், அந்த அளவு நூற்றுக்கு ஐந்து கூடலாம் அல்லது குறையலாம்.

படித்ததை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 10,000 என்று எழுதியது 9,870 காட்டும். இன்னொன்று 10,060 காட்டும். ஒரே பையில் ஒரே நிறத்தில் வந்த இரண்டுக்குள்ளும் இந்த வித்தியாசம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு விளக்கு மினுக்குவதைப் பார்க்கிற கண் வேறாகிவிடும்.

ஈயம் ஓடும் விநாடி

60/40 ஈயம் 183 பாகையில் இளகத் தொடங்கி 190ஐ எட்டும்போது முழுதாக உருகிவிடும். அயன் நுனியைப் பாகத்தின் காலிலும் பலகையின் செப்பு வட்டத்திலும் ஒரே நேரத்தில் படும்படி வையுங்கள். ஒன்றிரண்டு விநாடி பொறுத்து, ஈயக்கம்பியை மூட்டில் தொடுங்கள். அயன் நுனியில் தொடவேண்டாம். சூடு சரியாக ஏறியிருந்தால் ஈயம் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சட்டென்று வட்டம் முழுக்கப் பரவி, காலைச் சுற்றி ஏறி நிற்கும். இந்தக் கைத்தொழிலிலேயே பார்க்க மிக அழகான விநாடி அதுதான். கம்பியை எடுத்துவிட்டு அயனை எடுங்கள். ஆறும்வரை அசைக்காதீர்கள்.

நல்ல மூட்டு பளபளப்பாக, ஓரம் உள்வாங்கிய சரிவாக இருக்கும். உருண்டையாக, மங்கலாக நின்றால் ஈயம் செம்பைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மழைக்காலத்தில் நம் வீடுகளில் ஈரம் ஏறுவதால், மாதக்கணக்கில் கிடந்த பாகங்களின் கால்கள் கறுத்துப்போகும். அவற்றை மெல்லிய உப்புத்தாளால் உரசிவிட்டுப் பற்றவையுங்கள். புகையை மூச்சில் இழுக்கவேண்டாம். வேலை முடிந்ததும், சாப்பிடுவதற்கு முன், சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் உடம்புக்குள் போகக்கூடாத பொருள்.

மினுக்கும் விளக்கில் முதல் பாடம்

இரண்டு டிரான்சிஸ்டர் மாறிமாறி ஒன்றையொன்று அணைக்கும் இந்தச் சுற்று நூறாண்டு பழையது. ஹென்றி ஏப்ரஹாம், யூஜின் ப்ளோக் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அமைத்து 1919இல் வெளியிட்டார்கள். இன்று அதே யோசனை தீப்பெட்டி அளவுப் பலகையில் ஓடுகிறது.

அது மினுக்கும் வேகத்தைத் தீர்மானிப்பவை கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும். பீலிக்கு அடியில் வைத்த வாளி மாதிரி கெப்பாசிட்டர் நிரம்புகிறது. ரெசிஸ்டர் கூடினால் பீலித் தண்ணீர் மெலிகிறது. கணக்கும் சுலபம். ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெருக்கி, 0.69ஆல் பெருக்கினால் ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரம் வரும். 10,000 ஓமும் 47 மைக்ரோபரட்டும் என்றால் ஏறக்குறைய 0.32 விநாடி.

இப்போது ஒரு பக்கத்துக் கெப்பாசிட்டரை மட்டும் கழற்றி 100 மைக்ரோபரட் போடுங்கள். பெட்டரியை இணைப்பதற்கு முன் ஊகியுங்கள். அந்தப் பக்கத்து நேரம் 0.69 விநாடியாக நீளும். ஒரு விளக்கு அவசரப்படும், மற்றது நிதானமாக நிற்கும். கணக்கில் எழுதியது கண்முன் நடப்பதைப் பார்க்கிற சந்தோஷத்தை முதல்முறை அனுபவிக்கிற பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த டிரான்சிஸ்டர் அன்றைக்குத்தான் அதற்குப் பரிச்சயமாகிறது.

மூன்று கால் ரேடியோ

இலங்கையில் வானொலி தொடங்கியதே கையால் கட்டிய கருவியில்தான். கொழும்புத் தந்தி அலுவலகத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் பரிசோதனை ஒலிபரப்பு நடத்தினார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் ரேடியோப் பாகங்களைக் கொண்டு அவரும் சக ஊழியர்களும் அந்த ஒலிபரப்பியைக் கட்டினார்கள். ஆர்வலர்களைச் சேர்த்து ஒரு வயர்லெஸ் கழகத்தையும் அவர் அமைத்தார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி வெலிக்கடையிலிருந்து கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது. கிட் கட்டுகிறவர் அந்த வரிசையில் வருகிறவர்.

நம் கிட்டிலுள்ள TA7642க்கு முன்னோடி, பிரித்தானியாவின் பெரண்டி நிறுவனம் 1972இல் வெளியிட்ட ZN414. பத்து டிரான்சிஸ்டரை மூன்று கால் உறைக்குள் அடக்கியது அது. TA7642க்கு ஒரு பென்டோர்ச் பெட்டரியின் 1.5 வோல்ட் போதும். கிறிஸ்டல் இயர்போன் மட்டும் போட்டால் அரை மில்லி அம்பியர்கூட எடுக்காது. ஒரு பெட்டரி மாதக்கணக்கில் வரும்.

நிலையத்தைத் தேர்ந்தெடுப்பவை இரண்டு பாகங்கள்: கறுப்பு ஃபெரைட் கோலில் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும், திருகிற கெப்பாசிட்டரும். மத்திய அலை ஏறக்குறைய 530இலிருந்து 1,600 கிலோஹேர்ட்ஸ் வரை, அதாவது மூன்று மடங்கு போகிறது. மூன்று மடங்கு போவதற்குக் கெப்பாசிட்டர் ஒன்பது மடங்கு மாறவேண்டும். குமிழைத் திருகும்போது உள்ளே நடப்பது அதுதான்.

ஒரு நிலையம் தெளிவாக விழுந்ததும் குமிழை விடுங்கள். சுருளைக் கோலின் நடுவிலிருந்து நுனிப் பக்கம் மெல்லத் தள்ளுங்கள். நிலையம் நழுவிப் போகும். குமிழைத் திருகித் தேடினால் வேறோர் இடத்தில் இருக்கும். சுருள் நுனிக்கு வந்ததும் அதன் தூண்டுதிறன் குறைவதால் இப்படி ஆகிறது. அடுத்ததாக, சுருளில் பத்தில் ஒரு பங்கு சுற்றைக் கழற்றிப் பாருங்கள். முழு அலைவரிசையும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மேலே நகரும். கழற்றிய கம்பியை வெட்டாமல் வைத்திருந்தால் திரும்பச் சுற்றிவிடலாம்.

இன்னொன்று. ரேடியோவைத் தட்டையாக வைத்து மெல்லச் சுழற்றுங்கள். கோலின் நுனி நிலையத்தை நோக்கும்போது ஒலி மங்கும். கோல் குறுக்கே நிற்கும்போது ஓங்கும். அந்த மங்கலை வைத்து நிலையம் எந்தத் திக்கில் என்று கண்டுபிடிக்கலாம். பகலில் பிடிக்கும் நிலையமென்றால் இது தெளிவாகத் தெரியும். இரவில் அலை மேலிருந்து இறங்கி வருவதால் அவ்வளவு கச்சிதமாக இராது.

மலையில் இரவு

பிதுருதலாகலை 2,524 மீற்றர். 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கிய ரூபவாஹினி அந்த உச்சியிலிருந்துதான் நாட்டுக்கு ஒளிபரப்பானது. தொலைக்காட்சி அலையும் எஃப்.எம். அலையும் பெரும்பாலும் நேர்கோட்டில் போகின்றன. அதனால்தான் மலை முதுகுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லயத்தில் எஃப்.எம். இரையும், இந்தப் பக்கம் கணீரென்று பாடும். மத்திய அலை வளைந்து போகும். பகலில் அதில் மேலே போகும் அலையை வானத்தில் 60இலிருந்து 90 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் ஓர் அயன் அடுக்கு விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்குக் கலைகிறது. அலைகள் அதற்கும் மேலுள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பி, எந்தப் பள்ளத்தாக்குக்குள்ளும் இறங்குகின்றன.

ஆகவே மாலை ஆறு மணிக்கே உட்காருங்கள். வெளிச்சம் மங்கமங்க ஒவ்வொரு நிலையமாக எழும்பும். 936இல் திருச்சி, 720இல் சென்னை, 1053இல் தூத்துக்குடி என்று தேடுங்கள். தூத்துக்குடியின் ஒலிபரப்பி 200 கிலோவாட் சக்தி கொண்டது. ஹட்டனிலிருந்து வடமேற்கே சுமார் 340 கிலோமீற்றர். புத்தளத்திலிருந்து 882இல் ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ 400 கிலோவாட்டில் இந்தியாவை நோக்கி ஒலிபரப்புகிறது. இந்த எண்களின் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: எல்லாம் ஒன்பதால் வகுபடும். நம் பிராந்தியத்தில் மத்திய அலை நிலையங்களுக்கு ஒன்பது கிலோஹேர்ட்ஸ் இடைவெளி விட்டு இடம் ஒதுக்கியிருப்பதால் வந்த ஒழுங்கு இது.

ஒலி ஓங்கித் தாழ்வதைக் குறையாக எடுக்கவேண்டாம். ஒரே ஒலிபரப்பு வெவ்வேறு வழியில் வந்து, ஒன்றுக்கொன்று துணை நின்றும் எதிர்த்தும் சேர்வதுதான் அந்த ஏற்ற இறக்கம். அயன் அடுக்கு அசைவதைக் காதால் கேட்கிறோம். அதுபோல "கர்ர்" என்ற இரைச்சல் வந்தால் ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்தப் போன் சார்ஜர், எந்த எல்.ஈ.டி. பல்ப் இரைகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை கூடும். மேகம் தெரிவதற்கு முன்பே மின்னல் சடசடவென்று ரேடியோவில் விழும். அந்தச் சத்தம் நெருக்கமாக விழத் தொடங்கினால் கேட்பதை நிறுத்துங்கள். கூடுதல் சக்திக்காக வெளியே நீளக் கம்பி கட்டியிருந்தால் இடிக்காலத்தில் அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கேட்காத நேரத்திலும் கழற்றி வெளியே விட்டுவிடவேண்டும். மலை முகட்டில் கட்டிய கம்பி மின்னலுக்கு வழிகாட்டும். ஃபெரைட் கோல் மட்டும் போதுமான ரேடியோவுக்கு அந்த ஆபத்தைத் தேடிக்கொள்ளத் தேவையில்லை.

அடுத்த படி

மூன்று கால் ரேடியோவில் பலமான நிலையம் பக்கத்து நிலையத்தின்மேல் ஏறி உட்காரும். அது உங்களுக்கு எரிச்சல் தரத் தொடங்கினால், HX108-2 என்ற ஏழு டிரான்சிஸ்டர் சீனக் கிட்டுக்குத் தயாராகிவிட்டீர்கள் என்று அர்த்தம். அது வருகிற எந்த நிலையத்தையும் முதலில் 465 கிலோஹேர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, அந்த ஒரே இடத்தில் வடிகட்டுகிறது. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918இல் கண்டுபிடித்த முறை இது. இரண்டு ரேடியோவையும் அருகருகே வைத்து ஒரே நிலையத்தைக் கேளுங்கள். அந்த மாற்றத்தின் அருமை, முதல் ரேடியோவோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் முழுதாக விளங்கும்.

ஒரு கொப்பியில் மூன்று நிரல் பிரித்து எழுதிவையுங்கள்: எதை மாற்றினேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தாத வரிகளுக்குச் சிவப்புப் பேனையால் அடையாளம் வையுங்கள். அந்த வரிகளைத் தங்கச்சிக்கோ தம்பிக்கோ கொடுத்து, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் மாற்றிப் பார்க்கட்டும். ஈயம் உருக்குவதை மட்டும் பெரியவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளட்டும்.