பின்தொடரும் கடைகள்

'ஃபாலோ' என்பதற்குப் 'பின்தொடர்' என்ற தமிழை முதலில் எழுதியவர் ஓர் ஆணாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் கொரட்டூர் ரயில் நிலையத்தில் இரவு வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் எந்தப் பெண்ணிடமும் 'உன்னை நாலு பேர் பின்தொடர்கிறார்கள்' என்று சொல்லிப் பாருங்கள். அவள் மகிழ மாட்டாள். கைப்பையை இறுக்கிக்கொண்டு நடையை எட்டிப் போடுவாள். 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்ற பிரிவு சேர்ந்தது. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒருவன் அவளைத் திரும்பத் திரும்பத் தொடர்ந்து பேச முயல்வதும், இணையத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பதும் அதன்படி குற்றம். 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. சட்டம் 'ஒருவன்' என்றுதான் சொல்கிறது. கடைகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இன்ஸ்டாகிராமில் என்னைப் பின்தொடர்கிறவர்களில் மனிதர்களைவிடக் கடைகள் வேகமாகப் பெருகுகின்றன. செட்டிநாட்டுப் பருத்திப் புடவை, நரை மறைக்கும் மருதாணிப் பொடி, முழங்கால் வலித் தைலம், பதினைந்து நாளில் இடுப்புச் சதை குறைக்கும் கஞ்சி மாவு, கவிதைத் தொகுப்பைக் காசு வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தரும் பதிப்பகம், ஒரு வரன் பார்க்கும் மையம். இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக வைத்துப் படித்தால் அதில் ஒரு பெண் தெரிகிறாள். நாற்பதைக் கடந்தவள், தமிழ் படித்தவள், புடவை கட்டுகிறவள், தன் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டே ஆகவேண்டியவள். என் கவிதைகளுக்கு எந்த விமர்சகரும் இவ்வளவு உன்னிப்பான வாசிப்பைத் தந்ததில்லை. தவறான வாசிப்பு என்பது வேறு விஷயம்.

பின்தொடர்கிற கடையைத் திரும்பப் பின்தொடர்வதா வேண்டாமா? வகுப்பில் பேச்சுவாக்கில் இதைக் கேட்டபோது ஒரு மாணவி சொன்னாள்: "ஒரு ஃபாலோதானே மேம், காசா பணமா?" அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், "அவங்க பண்ணா நாமளும் பண்ணணும், இல்லன்னா மரியாதையா இருக்காது" என்றாள். இரண்டு பதில்களும் நம்முடையவை. இரண்டாவது பதில் நேராக மொய் நோட்டிலிருந்து வருகிறது.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய்விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, வந்தவர்கள் வைத்த பணத்தை நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டில் விருந்து நடக்கும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பி வைப்பார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. யார் வீட்டு இலை, யார் கைப் பணம் என்று இரு தரப்புக்கும் தெரியும். வைத்தவரும் வாங்கியவரும் ஒரே மண்ணில் இருப்பவர்கள். ஒரு கடை உங்களைப் பின்தொடர்வது அப்படியா? இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு அதிகபட்சம் 7,500 கணக்குகளைத்தான் பின்தொடர முடியும். அந்த எல்லையை முட்டி நிற்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். ஏழாயிரம் பேரின் படங்களை அந்தக் கடையில் யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? உங்களுக்கு மொய் வைத்துவிட்டு, நீங்கள் திருப்பி வைத்த மறுவாரமே தன் மொய்யை எடுத்துக்கொண்டு போகிற வழக்கமும் உண்டு. பின்தொடர்ந்து, எண்ணிக்கை ஏறியதும் கழற்றிக்கொள்வது. ஊரில் ஒருவர் இதைச் செய்தால் அடுத்த விருந்துக்கு அவர் இலையில் ஆள் உட்கார மாட்டார்கள்.

முதல் மாணவியின் பதில் இன்னும் சிக்கலானது. காசில்லைதான். ஆனால் நீங்கள் ஒரு கடையைப் பின்தொடர்ந்தால், உங்களைப் பின்தொடரும் இன்னொருத்தி அந்தக் கடையின் பக்கத்துக்குப் போகும்போது, கடைப் பெயருக்குக் கீழே 'இவர் பின்தொடர்கிறார்' என்று உங்கள் பெயர் நிற்கக்கூடும். என்னைப் பின்தொடர்பவர்களில் பாதிக்கு மேல் என் மாணவிகள், பழைய மாணவிகள். இடுப்புச் சதைக் கஞ்சி மாவுக்குக் கீழே என் பெயரை அவர்கள் பார்ப்பார்கள். சங்க இலக்கியத்தில் பெண்ணுடல் பற்றி வாரத்துக்கு நாலு மணி நேரம் நான் நடத்தும் பாடத்துக்குப் பக்கத்தில் அது ஓர் அடிக்குறிப்பு மாதிரி நிற்கும். விளம்பரத்தில் நடிப்பவருக்குக் கூலி உண்டு. பணம் வாங்கிப் பரிந்துரைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2021இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் நெறிமுறையும் கொண்டுவந்தது. பைசா வாங்காமல் பெயரைத் தருகிறவளுக்கு எந்த நெறிமுறையும் இல்லை. பார்வையாளர்களின் கவனமே விற்கப்படும் சரக்கு என்று கனடாவின் டல்லாஸ் ஸ்மித் 1977இல் தொலைக்காட்சியை வைத்து எழுதினார். வீட்டு வேலையை அன்பு என்று பெயரிட்டுக் கூலியில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள் என்று சில்வியா ஃபெதரீச்சி 1975இல் எழுதினார். இரண்டும் ஒரே விரல் தட்டலில் சேரும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

நான் தமிழ் படித்தவள் என்பதால் இந்தக் கேள்வியை வேறொரு இடத்தில் போய்த் தேடினேன். அகப்பொருள் மரபில் தலைவன் தலைவிக்காகத் தோழியிடம் இரந்து பின்னிற்பான். கையில் தழையாடை கொண்டு வருவான். அந்தப் பரிசுக்குக் கையுறை என்று பெயர். தோழி வாங்க மாட்டாள். அவனைத் தள்ளி நிறுத்துவாள். இதற்குச் சேட்படை என்று பெயர். திருக்கோவையாரின் 400 பாடல்களில் 26 பாடல்கள் இந்தத் துறைக்கே. மறுப்பதற்கு அதில் எத்தனை வழிகள்! இந்தத் தழை எங்கள் நிலத்தில் இல்லை, இதை உடுத்தினால் ஊர் சந்தேகப்படும் என்று நிலத்தின்மை கூறி மறுத்தல். அவள் இப்போது அதற்கான மனநிலையில் இல்லை என்று செவ்வியிலள் என மறுத்தல். சிரித்துப் பேசியே தட்டிக்கழிக்கும் நகையாடி மறுத்தல். சமூக ஊடகத்தில் இருக்கும் எந்தப் பெண்ணும் இந்தத் துறைகளை உரையில்லாமலே புரிந்துகொள்வாள். நாம் தினமும் செய்வதுதான்.

ஆனால் சேட்படையின் கடைசிப் பாடல்களுக்கு வரும்போது எனக்கு எப்போதும் ஒரு சோர்வு வரும். தோழி தழையை ஏற்றுக்கொள்கிறாள். தலைவியையும் ஏற்க வைக்கிறாள். தழையேற்பித்தல் என்றே ஒரு துறை. அத்தனை மறுப்பும் ஏற்புக்கான வழிநடைதான். மறுக்கிற பெண் உண்மையில் மறுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் நின்றால் இணங்குவாள் என்ற நம்பிக்கையைக் கோவை நூல்கள் ஒழுங்காக வரிசைப்படுத்தி வைத்தன. நம் சினிமாக் கதாநாயகன் அதைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவந்தான். இப்போது செயலிகள் வைத்திருக்கின்றன. அறிவிப்பு அனுப்பட்டுமா என்று கேட்கும் பெட்டிகளில் பலமுறை இரண்டு பொத்தான்கள்தான் இருக்கும்: 'சரி', 'பிறகு நினைவூட்டு'. 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிய ஒரே பிரதி, இதுவரை நான் படித்ததில், அந்த 354டிதான். இலக்கிய நயம் சுத்தமாக இல்லாத பிரதி.

பெருநிறுவனங்கள் பெண்ணியம் பேசிக்கொண்டு வருவதைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரில் சிவப்பு போய்ப் பளபளப்பு வந்தது. அதைப் பின்தொடரலாமா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. தனிஷ்க் கதை கொஞ்சம் வேறு. 2020 அக்டோபரில், இஸ்லாமியக் குடும்பத்துக்கு மருமகளாகப் போன இந்துப் பெண்ணின் வளைகாப்பைக் காட்டிய விளம்பரம் வசைகளுக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது. அப்போது அந்த நகைக்கடைக்கு ஆதரவாகப் பேசியவர்கள் பலர் என் நண்பர்கள். விளம்பரம் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் வசைக்கு எதிராக நான் நிற்க வேண்டிய இடம் ஒரு நகைக்கடையின் வாசல்தானா என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

உண்மையான சங்கடம் சின்னக் கடைகளில் இருக்கிறது. கொரட்டூரில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் மட்டும் வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும் ஏழெட்டுப் பெண்களை எனக்குத் தெரியும். ஆரி வேலை ஜாக்கெட், சத்துமாவு, பட்டுநூல் வளையல், நைட்டி. இவர்களில் இரண்டு பேர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை தைத்தவர்கள். பிள்ளை பிறந்ததும் தையலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருத்தி என் பழைய மாணவி. அவள் கடையின் பக்கம் என்னைப் பின்தொடர்கிறது. திரும்பப் பின்தொடராவிட்டால் என் பெண்ணியம் என்ன ஆவது?

அவள் பக்கத்தைக் கொஞ்சம் கவனமாகப் படித்தேன். எல்லாப் படங்களிலும் கழுத்துக்குக் கீழேதான் இருக்கிறாள், முகம் இல்லை. எழுத்தெல்லாம் 'அக்கா', 'சிஸ்டர்', 'டியர்'. ஒரு மாதம் கூட அவள் பெயர் எங்கும் வரவில்லை. கூகுள் பேயில் அவள் கொடுத்த எண்ணைப் போட்டால் வருவது கணவரின் பெயர். வியாபாரக் கணக்கை இன்ஸ்டாகிராமில் பூட்டி வைக்கவும் முடியாது. அது எப்போதும் திறந்தே கிடக்கும். நான் என் கணக்கைப் பூட்டிக்கொள்ளலாம், அவளால் முடியாது. இரவு பதினொன்றரைக்கு 'விலை என்ன' என்று கேட்டு, அடுத்த வரியில் வேறு கேட்கும் ஆண்களுக்கும் அவள் 'சொல்லுங்க சார்' என்றுதான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. என் ஒரு பின்தொடரல் இவற்றில் எதையும் மாற்றாது. அவளுடைய எண்ணிக்கையில் ஒன்று கூடும்; அந்தத் தளத்துக்கு இன்னும் ஒருத்தியின் மாலை நேரம் கிடைக்கும். அதனால் நான் பின்தொடரவில்லை. ஜாக்கெட் கொடுக்கிறேன், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கிறேன், கல்லூரியில் கேட்பவர்களிடம் அவள் பெயரைச் சொல்லி அனுப்புகிறேன். கடையின் பெயரைச் சொல்வதில்லை. அவளுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. "ஃபாலோ பண்ணா என்ன மேம்?" என்று நேராகவே கேட்டாள். நான் சொன்ன காரணங்கள் அவளுக்கு முழுதாக ஒப்புதலாகவில்லை. தன் பக்கத்தில் ஒரு பேராசிரியையின் பெயர் நின்றால் நாலு பேர் நம்புவார்கள் என்கிறாள். அவள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பெயருக்கு விலை உண்டு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதை எங்கே செலவழிப்பது என்பதில்தான் பிணக்கு.

இதையெல்லாம் நான் சாவகாசமாக யோசிக்க முடிகிறது, ஏனென்றால் இந்தக் கடைகள் எதுவும் எனக்குச் சம்பளம் தரவில்லை. சம்பளம் தரும் கடை ஒன்றும் இருக்கிறது. சுயநிதிக் கல்லூரிகளில் வேலை பார்த்த எந்தப் பெண்ணுக்கும் மாணவர் சேர்க்கைக் காலம் தெரியும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், மே மாதம் துறை வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. எல்லா ஆசிரியர்களும் கல்லூரிப் பக்கத்தைப் பின்தொடர வேண்டும். சேர்க்கைப் படத்தைத் தங்கள் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாலைக்குள் குழுவில் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் கட்டைவிரல் குறிகள் வரிசையாக விழுந்தன. பெரும்பாலும் பெண்கள். ஒப்பந்தம் ஜூனில் புதுப்பிக்கப்பட வேண்டியவர்கள். நகையாடி மறுத்தலுக்கு அங்கே இடமில்லை. நானும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் ஆசிரியர்களைத் திரும்பப் பின்தொடரத் தொடங்கியது. மரியாதைக்குத்தான் என்றார்கள். ஆனால் கல்லூரிப் பக்கத்தின் பின்னால் உட்கார்ந்திருப்பது நிர்வாகம். அது என்னைப் பின்தொடர்ந்தால் படிக்கப் போவது என் கவிதைகளை. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வெளிவந்த பிறகு தமிழில் பெண் கவிஞர்கள் மீது விழுந்த வசையை என் தலைமுறை மறக்கவில்லை. துவரங்குறிச்சியில் ரொக்கையா சல்மாவானது வீட்டாரின் கண்ணில் படாமல் எழுதுவதற்காக. புனைபெயர் அன்றைய பூட்டிய கணக்கு. யார் படிக்கிறார்கள் என்பது ஒரு பெண் எழுதும் வரியின் நீளத்தைக்கூட மாற்றும், எனக்கு மாற்றியிருக்கிறது. மாதவிடாய் நிற்பதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒரு கவிதைத் தொடரை அந்த மே மாதம் நான் வெளியிடாமல் வைத்திருந்தேன்.

அந்த வேலையை விட்டு இப்போது வேறு கல்லூரியில் இருக்கிறேன். கவிதைகளுக்கென்று இருக்கும் கணக்கைப் பூட்டிவிட்டேன். பூட்டிய கணக்குக்கு ஒரு வசதி உண்டு: உள்ளே வர விண்ணப்பிப்பவரை ஏற்கவும் வேண்டாம், நிராகரிக்கவும் வேண்டாம், அப்படியே கிடக்க விடலாம். இந்தக் கல்லூரியின் பக்கம் நான்கு மாதங்களுக்கு முன் விண்ணப்பித்தது. முட்டிவலித் தைலத்துக்கும் வரன் பார்க்கும் மையத்துக்கும் நடுவில் அது கிடக்கிறது. தொடரில் ஒன்பது கவிதைகள் வெளியாகிவிட்டன. ஊடகக் குழுவின் பொறுப்பாளர் என்னைவிட இளைய பெண், போன வாரம் வராந்தாவில் நிறுத்தி, "மேம், ரெக்வஸ்ட் பார்க்கலையா?" என்று கேட்டார். பார்த்தேன் என்று சொன்னேன்.