சீட்டு கிடைக்காதவள்: ‘செம்மாடக் கனவு’ புதினத்தின் மதுச்சீட்டு விளையாட்டை முன்வைத்து

நண்பர் குழாம் ஒன்று கூடியிருந்து சீட்டெடுத்து, சீட்டு விதிக்கிறபடி மது அருந்தும் விளையாட்டு அறநூல்களின் நோக்கில் இரட்டைக் குற்றமாகும். திருக்குறளின் 920-ஆம் குறள் கள்ளையும் கவற்றையும் ஒரே அடுக்கில் வைத்து, இவற்றின் தொடர்பு திருவால் கைவிடப்பட்டவர்க்கே உரியது என்கிறது. அதற்கு விரிவுரை போலக் கள்ளுண்ணாமை (93), சூது (94) ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைகின்றன. மறுபுறம், புறநானூற்றின் 235-ஆம் பாடலில் அதியமானை இழந்த ஒளவையார் அவன் அன்பைக் கள்ளைக் கொண்டே அளக்கிறார். சிறிதளவு கிடைத்தபோது தமக்குத் தந்ததையும், மிகுதியாகக் கிடைத்தபோது தாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்டதையும் நினைந்து அவர் வருந்துகிறார். கலம் யார் கையிலிருந்து யார் கைக்குச் செல்கிறது என்னும் வினா, எனவே, தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. அவ்வினாவோடு 18-ஆம் நூற்றாண்டுச் சீனப் புதினமான ‘செம்மாடக் கனவின்’ (ஹோங்லௌ மெங்) புகழ்பெற்ற விளையாட்டுக் காட்சி ஒன்றை இக்கட்டுரை அணுகுகிறது.

சாவ் ஷுவேசின் எழுதிய இப்புதினம் 120 அத்தியாயங்களோடு 1791-இல் அச்சேறியது. முதல் 80 அத்தியாயங்களே அவருடையவை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாதலின், இங்கு அப்பகுதி மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. டேவிட் ஹாக்ஸ், யாங் ஷியென்யி - கிளாடிஸ் யாங் இணையர் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாகவே இதனை வாசித்தேன். ஹாக்ஸ், வீட்டுப் பெண்களின் பெயர்களைச் சீன ஒலியிலேயே விட்டுவிட்டுப் பணிப்பெண்களின் பெயர்களை மட்டும் பொருள்பெயர்த்துத் தருகிறார். வாசிப்பு எளிமை கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடுதான். ஆயினும் யார் எந்த இருக்கையில் அமர்வது என்பது பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

மதுக்கட்டளை

சீனத்தில் இவ்வகை விளையாட்டுக்குப் பொதுப்பெயர் ‘ஜியூலிங்’. மதுக்கட்டளை என்பது அதன் நேர்பொருள். இதற்கெனச் சீட்டுக் கட்டுகளும் இருந்தன. சீட்டுக்கு அங்கு ‘இலை’ என்று பொருள்படும் சொல்லே வழங்கியது. ஓவியர் சென் ஹோங்ஷௌ (இறப்பு 1652) தம் இறுதிக் காலத்தில் வரைந்த 48 சீட்டுகளைக் கொண்ட கட்டில், செல்வத்தோடோ வறுமையோடோ பெயர்பெற்ற பழங்கால மாந்தர் ஒவ்வொரு சீட்டிலும் இடம்பெறுகின்றனர். உருவத்தோடு, யார் குடிக்க வேண்டும் என்னும் கட்டளையும் அச்சிடப்பட்டுள்ளது. சீட்டு இங்கே படம், வாசகம், சட்டம் மூன்றும் ஆகிறது.

‘கட்டளை’ என்னும் சொல்லைப் புதினம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 40-ஆம் அத்தியாயத்தில், குடும்பத்தின் மூதாட்டி நடத்தும் விருந்தில் தந்தச் சீட்டுகளைக் கொண்டு மதுக்கட்டளை நிகழ்கிறது. அதற்கு நடுவராக அமர்த்தப்படுபவள் மூதாட்டியின் பணிப்பெண் யுவான்யாங். மதுக்கட்டளை படைக்கட்டளைக்கு நிகரானது என்றும், உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் வேறுபாடு இனி இல்லை, தன் சொல்லை மீறுவோர் தண்டம் குடிக்க வேண்டும் என்றும் அவள் அறிவிக்கிறாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே அடங்குகின்றனர். விளையாட்டுக்கு ஒரு சமத்துவம் உண்டு என்னும் உறுதிமொழி இங்கே தரப்படுகிறது. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பின்வரும் அத்தியாயங்கள் சோதிக்கின்றன.

பிறந்தநாள் இரவு

63-ஆம் அத்தியாயம், இளைஞன் பாவ்யூவின் பிறந்தநாள் இரவு. விருந்தளிப்பவர்கள் அவனுடைய எட்டுப் பணிப்பெண்கள். ஷிரென், சிங்வென், ஷெயுவே, சியூவென் ஆகிய நால்வர் தலைக்கு 5 சியென் வெள்ளியும், ஃபாங்குவான், ஸுஅர் உள்ளிட்ட இளைய நால்வர் தலைக்கு 3 சியென்னும் போட, மொத்தம் 3 லியாங் 2 சியென் சேர்கிறது. அதைக்கொண்டு 40 தட்டுகளில் பண்டங்கள் வைக்கப்படுகின்றன. ஒரு சாடி ஷாவ்சிங் மதுவும் மறைத்து வைக்கப்படுகிறது. இளையவர்களிடம் ஏது பணம், அவர்களிடம் வாங்கியிருக்கலாமா என்று பாவ்யூ வருந்தும்போது, சிங்வென் வெட்டென்று மறுமொழி தருகிறாள்: அவர்களிடம் இல்லையென்றால் எங்களிடம் மட்டும் இருக்கிறதா? இது அவரவர் மனம். திருடிக் கொடுத்ததாகவே இருந்தாலும் அன்பை ஏற்றுக்கொள். ஒளவையார் பாடலின் கலம் இங்கே திசைமாறுகிறது. ஈபவர் தலைவரல்லர், ஏவலர்.

இரவுக் காவலைப் பார்வையிட மூத்த பணிமகள் ஒருத்தி வருகிறாள். சூதாடாதீர்கள், குடிக்காதீர்கள், விடியும்வரை உறங்குங்கள் என்று வாயிற்காவலில் உள்ளவர்களை எச்சரித்துவிட்டுச் செல்கிறாள். விடுதியில் வாழ்ந்தவர்க்கு இந்த இரவுச் சுற்று விளக்கம் வேண்டாத ஒன்று. கவனிக்கத்தக்கது அவள் வாயில் இரண்டு விலக்குகளும் ஒரே சொற்றொடராக வெளிப்படுவதே. அவள் அகன்றதும் கதவு தாழிடப்படுகிறது.

என்ன விளையாடுவது என்னும் பேச்சில் ஷிரென் இரண்டு வரையறைகள் இடுகிறாள். வெளியே கேட்கும்படி கூச்சல் கூடாது. எழுத்தறியாத தங்களுக்குப் புலமை வேண்டும் விளையாட்டும் கூடாது. பாவ்யூ மலர்ப்பெயர்ச் சீட்டை முன்மொழிகிறான். அதைத்தான் நெடுநாளாக விளையாட விரும்பினேன் என்று முந்திக்கொண்டு மகிழ்பவள் சிங்வென். ஆள் குறைவென்று வீட்டுப் பெண்களும் இரவோடிரவாக அழைக்கப்படுகின்றனர். அவர்கள் அடுப்பணையால் சூடேறும் மேடையில் அமர, பணிப்பெண்கள் மேடையின் ஓரத்தில் நாற்காலி இட்டு அமர்கின்றனர். ஒரே வட்டம்தான், உயரம் வேறு.

வந்த தாய்யூ கேட்கும் வினாவே இக்கட்டுரையின் மையம். பிறர் இரவில் கூடிக் குடித்துச் சூதாடுகிறார்கள் என்று நாள்தோறும் குறைசொல்கிறோம். இன்று நாமே அதைச் செய்கிறோம். இனி எப்படிப் பிறரைக் குறைசொல்வது? ஆண்டுக்கொருமுறை பிறந்தநாளுக்குத்தானே, இரவுதோறும் அல்லவே என்று இளம் கைம்பெண்ணான லி வான் அமைதி சொல்லிவிடுகிறாள். பேச்சு அங்கேயே முடிகிறது. புதினத்தில் முடியவில்லை.

சீட்டின் எழுத்து

மூங்கில் குழலில் இட்ட தந்தச் சீட்டுகளைக் குலுக்கி நடுவில் வைப்பவளும் சிங்வென்தான். பகடையில் விழும் புள்ளிகளை எண்ணிவந்து முடியும் இடத்தில் இருப்பவர் சீட்டெடுக்க வேண்டும். சீட்டில் ஒரு மலர், நான்கெழுத்துத் தொடர், பழம்பாடல் அடி ஒன்று, யார் எத்தனைக் கலம் குடிப்பது என்னும் கட்டளை ஆகியன உண்டு. சீனக் கோயில்களில் வருங்காலம் அறியக் குலுக்கும் குச்சிக் குழலின் வடிவமே இது. தமிழில் ‘சீட்டு’ என்னும் ஒரே சொல் ஆடுவதற்கும், குலுக்கி எடுப்பதற்கும், கிளி கவ்வித் தரும் சோதிட அட்டைக்கும் வழங்குவதால், இந்தக் கலப்பு நமக்கு உடனே பிடிபடுகிறது. மது இருப்பதால்தான் அது விளையாட்டு. மதுவை நீக்கினால் குறிகேட்டல்.

இக்காட்சி பற்றிய விமரிசனம் பெரும்பாலும் இந்தக் குறியையே பின்தொடர்ந்துள்ளது. பாவ்சாய்க்கு மலர்களின் முடியாகிய பியோனி. தான்சுனுக்கு வாதுமையின மலர். உயர்குடிக் கணவன் வாய்ப்பான் என்னும் குறிப்பு. லி வானுக்குத் தனிமையில் நிறைவுகொள்ளும் முதிய பிளம் மலர். தாய்யூவுக்குச் செம்பருத்தி இனம். காற்றை நோகாதே, உன்னையே நொந்துகொள் என்னும் கருத்து. ஒவ்வொன்றும் பின்கதையோடு பொருத்திக் காட்டப்படும். பொருத்தம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் சீட்டில் இருப்பதை மட்டும் வாசிக்கும் விமரிசனம், சீட்டுக்கும் கைக்கும் இடையே நடப்பதைத் தவறவிடுகிறது.

தான்சுன் தன் சீட்டைப் பார்த்ததும் முகம் சிவந்து அதைத் தரையில் வீசுகிறாள். வெளி ஆடவர் ஆடும் கீழ்த்தரமான விளையாட்டு என்று இகழ்கிறாள். கட்டளை தளரவில்லை, தோழியர் பிடித்து நிறுத்திக் குடிக்க வைக்கின்றனர். தாய்யூவோ தனக்கு விதிக்கப்பட்ட மதுவைப் பேச்சுக்கிடையே யாரும் காணாமல் வாய்கொப்புளிக்கும் கிண்ணத்தில் கவிழ்த்துவிடுகிறாள். எழுத்தறிந்தவர்களால் சீட்டோடு சண்டையிட முடிகிறது, ஏமாற்றவும் முடிகிறது.

ஷெயுவேயின் முறை வருகிறது. அவள் எடுப்பது வசந்தத்தின் கடைசி மலர். அது பூத்தால் பூக்காலம் முடிந்தது என்பது அடியின் கருத்து. எல்லோரும் மும்முறை குடித்து வசந்தத்தை வழியனுப்ப வேண்டும் என்பது கட்டளை. இதற்கு என்ன பொருள் என்று அவள் கேட்கிறாள். பாவ்யூ புருவம் சுருக்கிச் சீட்டை மறைத்துக்கொண்டு, குடிப்போம் வாருங்கள் என்கிறான். அவள் எடுத்த சீட்டு அவளுக்கே சொல்லப்படவில்லை. அன்பினால்தான் மறைக்கிறான், அதை மறுக்கவியலாது. ஆயினும் எழுத்தறியாதோர்க்கும் ஏற்ற விளையாட்டு என்று தேர்ந்துகொண்ட ஒன்றில், எழுத்தறியாதவளுக்குக் கிடைப்பது கலம் மட்டுமே. யுவான்யாங் அறிவித்த சமத்துவம் குடிப்பதில் நிற்கிறது, அறிவதில் நிற்கவில்லை.

அவ்விரவில் எட்டுச் சீட்டுகள் எடுக்கப்படுகின்றன. பணம் போட்ட எண்மரில் சீட்டுப் பெறுவோர் ஷெயுவே, ஷிரென் இருவரே. நெடுநாள் விருப்பத்தைச் சொல்லி, குழலையும் கொண்டுவந்து வைத்த சிங்வென்னை எந்தப் பகடையும் எண்ணி அடையவில்லை. அவளுக்கு எழுத ஆசிரியரிடம் ஊழ் இல்லை என்று சொல்லவும் இயலாது. 5-ஆம் அத்தியாயத்தில் பாவ்யூ கனவில் திறக்கும் ஊழ் ஏடுகளில் அவன் முதலில் காணும் பக்கமே அவளுடையது. அங்கே முதலிடம் பெற்றவள் இங்கே விடுபட்டிருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

தாய்யூவின் வினாவுக்கு விடை

பத்து அத்தியாயங்கள் கழிந்து, 73-இல், அதே தோட்டத்தின் இரவுக் காவலர் விசாரிக்கப்படுகின்றனர். தூக்கத்தைப் போக்க மூன்று நான்கு பேர் கூடிப் பகடையோ சீட்டோ ஆடியது வளர்ந்து, பெரும்பணம் புழங்கும் சூதாட்டமாகிவிட்டதை மூதாட்டியின்முன் எடுத்துரைப்பவள், தன் சீட்டைத் தரையில் வீசிய அதே தான்சுன். மூதாட்டியின் வாதம் படிப்படியாகச் செல்கிறது: சூதாடினால் குடிப்பார்கள், குடித்தால் கதவுகள் திறக்கும், கதவு திறந்தால் கள்வர் புகுவர். பெருந்தலைவர் மூவர், சிறுதலைவர் எண்மர், ஆடியவர் மொத்தம் இருபதுக்கும் மேற்பட்டோர் எனக் கணக்கு வருகிறது. சீட்டும் பகடையும் எரிக்கப்படுகின்றன. தலைமையேற்றோர்க்கு 40 அடியும் வெளியேற்றமும். ஏனையோர்க்கு 20 அடியும் மூன்று திங்கள் கூலி இழப்பும்.

பணம் வைத்து ஆடுவதும் கலம் வைத்து ஆடுவதும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். ஆகாது, 300 கோவைக் காசு தோற்பதும் ஒரு கலம் அருந்துவதும் வேறு. ஆனால் மூதாட்டியின் வாதத்தில் தொகை ஓர் இடமும் பெறவில்லை. இரவு, சீட்டு, மது, தாழ் திறந்த கதவு ஆகியவையே குற்றத்தின் உறுப்புகள். இவை நான்கும் பிறந்தநாள் இரவில் இருந்தன. விருந்தினரை அழைத்துவரக் கதவு தட்டப்பட்டதும் உண்டு. லி வான் சொன்ன ‘ஆண்டுக்கொருமுறை’ என்னும் சமாதானம் காவற்காரர்க்குக் கிடைக்கவில்லை.

அடுத்த அத்தியாயத்தில் தோட்டம் சோதனையிடப்படுகிறது. 77-இல் பாவ்யூவின் தாய் பணிப்பெண்களை வரிசையில் நிறுத்துகிறாள். நோயுற்ற சிங்வென் படுக்கையிலிருந்து எழுப்பி வெளியேற்றப்படுகிறாள். பாவ்யூவோடு ஒரே நாளில் பிறந்தவள் எவள் என்று கேட்டு ஸுஅர் முன்னிறுத்தப்படுகிறாள். ஒரே நாளில் பிறந்தோர் கணவன் மனைவி ஆவர் என்று வேடிக்கையாகச் சொன்னது அவள் குற்றம். ஃபாங்குவானும் நீக்கப்படுகிறாள். இங்கே பிறந்தநாள் இரவின் கடைசிச் சீட்டை நினைவுகூர வேண்டும். ஷிரென் எடுத்த பீச் மலர்ச் சீட்டு, அவளோடு ஒரே ஆண்டில் பிறந்தோரும், ஒரே நாளில் பிறந்தோரும், ஒரே குடிப்பெயர் கொண்டோரும் உடன் குடிக்கவேண்டும் என்றது. ஒவ்வொருவரும் தத்தம் பிறந்தநாளைச் சொல்லித் தாய்யூ ஒரே நாள், ஃபாங்குவான் ஒரே குடிப்பெயர் என்று கண்டுபிடித்துச் சிரித்தனர். உடன் அருந்தும் உரிமைக்கு அன்று கேட்கப்பட்ட கேள்வி, இங்கே குற்றச்சாட்டாகக் கேட்கப்படுகிறது.

விலக்கப்பட்ட மூவருமே விருந்துக்கு வெள்ளி கொடுத்தவர்கள், சீட்டுப் பெறாதவர்கள். எல்லோர் குறையும் தெரிந்த அன்னைக்கு உன்னிடமும் ஷெயுவேயிடமும் சியூவென்னிடமும் மட்டும் குறை தெரியவில்லையே என்று பாவ்யூ ஷிரென்னிடம் கேட்கிறான். இவர்களுள் சியூவென் நீங்கலாக இருவர் கையிலும் சீட்டு இருந்தது. ஆசிரியர் கணக்கிட்டே இப்படி அமைத்தார் என்று நிறுவச் சான்றில்லை. குறி சொல்லும் சீட்டை ஊழாக மட்டும் வாசித்தால் இந்த வரிசை கண்ணில் படாது என்பதே என் வாதம். துயர ஊழ் எழுதப்பெற்ற சீட்டைக்கூட, வட்டத்தில் எண்ணப்பட்டவர்க்கு உரிய இடமாகக் கொள்ளலாம்.

வெளியேற்றப்பட்ட சில நாள்களில் சிங்வென் இறக்கிறாள். அவள் செம்பருத்தி மலருக்குத் தெய்வமாகிவிட்டாள் என்று சிறுபணிப்பெண் ஒருத்தி சொன்னதை நம்பி, 78-ஆம் அத்தியாயத்தில் பாவ்யூ நீண்ட இரங்கற்பா எழுதி மலர்முன் படிக்கிறான். படித்து முடிந்ததும் மலர்களுக்கிடையிலிருந்து வெளிவருபவள் தாய்யூ. செம்பருத்திச் சீட்டை எடுத்தவள் அவள். அடியொன்றை இருவரும் மாற்றி மாற்றித் திருத்துகின்றனர். இறுதியில் அமையும் வடிவம் இறந்தவளைவிட எதிரே நிற்பவளுக்கே பொருந்துகிறது. அதைக் கேட்டுத் தாய்யூவின் முகம் மாறுகிறது. பின்பு நன்றாக இருக்கிறது, இனித் திருத்தவேண்டாம் என்கிறாள்.