தபுதாரமும் தாபதமும்

துணையை இழந்தார் நகரின் ஆரவாரம் நீங்கி நாட்டுப்புறத்தே தங்கி மனந்தேறுவர் என்னும் கருத்து இக்காலத்துப் பெருவழக்காயுள்ளது. சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லியை அடுத்த சென்னீர்குப்பம் போன்ற ஊர்கள் நகரத்தோடு ஒன்றிவரும் இந்நாளிலும், ‘சில நாள் ஊர்ப்பக்கம் போய் இருந்து வா’ எனத் துயருற்றாரைத் தேற்றும் வழக்கு மறைந்திலது. குளமும் வயலும் மரநிழலும் துயராற்றும் என்னும் இந்நம்பிக்கைக்குப் பண்டை இலக்கியத்தில் இடமுண்டா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தொல்காப்பியப் புறத்திணையியல், காதலியை இழந்தவன் நிலையைத் தபுதாரம் என்றும், காதலனை இழந்தவள் நிலையைத் தாபதம் என்றும் காஞ்சித்திணையுள் வைத்து எண்ணும். இப்பெயர்களே நோக்கத்தக்கன. தபுதல் என்பது கெடுதல். தாரம் என்பது மனைவி. எனவே, முன்னது இழப்பை மட்டுமே சுட்டி அமைகின்றது. பின்னதோ நோன்பைச் சுட்டுகின்றது. ஆடவர்க்கு நேர்ந்ததைக் கூறிய இலக்கணம், மகளிர்க்குச் செயற்பாலதைக் கூறிவிட்டது எனலாம்.

இனி, பாடல்களைக் காண்போம். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவியை இழந்து பாடியது புறநானூற்று 245ஆம் பாட்டு. அதன் துறை கையறுநிலை எனக் குறிக்கப்பெறினும், பொருளால் அது தபுதார நிலையே. கள்ளி படர்ந்த களரில் அவள் எரியிற் கிடந்த பின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணி அவன் நாணுகின்றான். தன் உயிரைப் போக்கமாட்டாத துயரம் எத்துணை வலியுடையதாயினும் யாது பயன் என்கின்றான். அக்காடு அவனைத் தேற்றவில்லை. தேறுதலை அவன் நாடவுமில்லை.

தாபத நிலைப் பாடல்களிலோ நாட்டுப்புறம் முழுமையாக வந்து நிற்கின்றது. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய 248ஆம் பாட்டில், இளமையில் தழையுடையாய் உதவிய வெள்ளாம்பல், கணவன் மாய்ந்தபின் பொழுது மறுத்து உண்ணும் புல்லரிசியாகின்றது. குளமும் பழையது, பூவும் பழையது, மாறியது அவள் நிலை ஒன்றே. 249ஆம் பாட்டில், மீன்வளம் மிக்க அகன்ற நாட்டின் தலைவன் மனைவி, அவனுக்குப் படைத்தற்பொருட்டுச் சுளகளவான சிற்றிடத்தைத் தன் கண்ணீராலே மெழுகுகின்றாள். நாட்டின் அகலமும் அவ்விடத்தின் சிறுமையும் ஒருங்கு நிற்பதே பாட்டின் பொருள். இயற்கை ஈண்டு மருந்தன்று. இழந்ததை நாடோறும் நினைவூட்டும் சான்று.

மாற்பித்தியார் பாடிய 251, 252ஆம் பாடல்களைக் காட்டி இதனை மறுப்பாரும் உளராகலாம். முன்னே மகளிரைச் சொல்வலையாற் பிணித்த ஒருவன், பின்னே அருவியாடித் தாளியிலை கொய்து காட்டில் அமைதியுறுகின்றான் அன்றோ எனின், அன்று. அவன் மனைவியை இழந்தான் என்பதற்கு அப்பாடல்களில் சொல் இல்லை. துறையும் தாபத வாகையே. அது வென்றவனது துறவு. காட்டை அவன் விரும்பி ஏற்றான். ஆம்பலரிசியை அவள் விரும்பி ஏற்றிலள். தாபதம் என்னும் ஒரு பெயரே இருவர்க்கும் வழங்கியது எனினும், அவர்தம் உரிமை ஒன்றன்று.

சிலப்பதிகாரத்துக் கண்ணகி மதுரையை நீங்கி மலைநாட்டு வேங்கை நிழலில் நின்றதும் ஈண்டுக் கருதற்பாலது. அவளுக்கு ஆறுதல் தந்தது குன்றமன்று, கணவனை மீண்டும் கூடியதே. குன்றக்குறவர் தந்தது வழிபாடு. எனினும், துணையிழந்து வந்த ஒருத்தியை விலக்காது போற்றிய ஊர் அது என்பது மறத்தற்கில்லை.

பிற்காலத்தே இவ்வேறுபாட்டைத் தம் வாழ்வாலே மாற்றினார் திரு.வி.க. சென்னீர்குப்பத்தைப் போன்றே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த துள்ளத்தில் 1883இல் பிறந்த அவர், 1912இல் மணந்த மனைவியை 1918இல் இழந்தார். மறுமணம் நாடிற்றிலர், சிற்றூரின் தனிமையில் ஒடுங்கவுமில்லை. அவ்வாண்டிலேயே தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்தார். பின்னர்ப் ‘பெண்ணின் பெருமை’ எழுதினார். மகளிர்க்கே விதிக்கப்பட்ட நோன்பை ஆடவர் ஒருவர் தாமே மேற்கொண்டமை இது. தபுதாரம் ஈண்டுத் தாபதமாயிற்று.

ஆகவே, நாட்டுப்புறம் இயல்பாகவே ஆறுதல் தரும் என்னும் கருத்தைச் சங்கச் சான்றோர் மேல் ஏற்றுதல் பொருந்தாது. குளக்கரை ஒருவர்க்கு ஆறுதலாவதும் மற்றொருவர்க்கு ஒறுத்தலாவதும், அங்கே தாமே சென்றனரா, தள்ளப்பட்டனரா என்பதைப் பொறுத்தது. இயற்கை வருணனையைப் போற்றும் நாம், அவ்வாம்பலை உண்டவள் யார் என்பதையும் உடன் கேட்டல் வேண்டும்.