கைப்பற்றுதலும் உருமாற்றுதலும்: ஒரு விளையாட்டுத் தாங்கி பற்றிய சில குறிப்புகள்

மக்களிடையே ஒரு கலைவடிவம் வேரூன்றிய பின்னரே அது கற்றோர் கண்ணிற் படுவது தமிழ் இலக்கிய வரலாற்றில் புதிதன்று. நாட்டுக்கூத்தும் நாவலும் திரைப்படமும் அவ்வக்காலத்திற் புறக்கணிக்கப்பட்டுப் பின்னரே ஆய்வுக்குரியனவாயின. இன்று அந்நிலையில் இருப்பது வீடியோ விளையாட்டு. எமது இளந்தலைமுறையினர் கதை கேட்பதும் வீரம் பற்றிய கருத்துகளைப் பெறுவதும் பெருமளவுக்கு அதன் வழியேதான். ஆகவே அதனைப் பொழுதுபோக்கென ஒதுக்குவது திறனாய்வின் கடமையிலிருந்து ஒதுங்குவதாகும். இக்கட்டுரையில் ஒரேயொரு விளையாட்டையும், அவ்விளையாட்டில் வரும் ஒரேயொரு பகைப்பாத்திரத்தையும் எடுத்து நோக்க முயல்கின்றோம்.

விளையாட்டு, யப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 2017 ஒக்ரோபர் 27இல் வெளியிட்ட ‘சுப்பர் மாரியோ ஒடிசி’. இரண்டு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையான படைப்பு அது. மேடைக்கு மேடை பாய்ந்தும் தாவியும் செல்லும் விளையாட்டு வகையைச் சேர்ந்தது. அதன் நாயகன் மாரியோ 1981இல் ‘டொங்கி கொங்’ என்னும் விளையாட்டில் முதன்முதல் தோன்றியபோது ஒரு தச்சன். 1983 முதல் குழாய் பொருத்தும் தொழிலாளி. உலகின் மிகப் பிரபலமான விளையாட்டு நாயகன் உடலுழைப்பாளன் ஒருவன் என்பது மனங்கொள்ளத்தக்கது. எனினும் 2017இல் நாம் காணும் மாரியோ எந்த வேலையும் செய்வதில்லை. நாடு நாடாகச் சென்று நாணயம் சேர்க்கின்றான். அந்நாணயத்தால் உடையும் தொப்பியும் வாங்குகின்றான்.

இவ்விளையாட்டின் தனித்துவம் அவனது தொப்பியில் உள்ளது. கப்பி எனப்படும் உயிருள்ள தொப்பியைப் பகைவன்மீது எறிந்தால் மாரியோ அப்பகைவனின் உடலுட் புகுந்துவிடுகின்றான். அவ்வுடலின் ஆற்றல்கள் யாவும் ஆடுபவரின் கைக்கு வருகின்றன. முதலில் ஒரு தவளை. பின்னர் ஒரு பழங்காலப் பெரும்பல்லி. இவ்வாறு தொடர்ந்து, நியூயோர்க்கை ஒத்த நியூ டொங்க் நகரிலே மழையும் இருளும் சூழ்ந்த இரவொன்றில் ஷேர்ம் என்னும் யுத்தத் தாங்கி எதிர்ப்படுகிறது. அப்பெயர் அமெரிக்காவின் ஷேர்மன் தாங்கியை நினைவூட்டுவது. தொப்பியை எறிந்ததும் தாங்கியின் தலையில் மாரியோவின் தொப்பியும் முகத்தில் அவனது மீசையும் தோன்றுகின்றன. இதுவரை எம்மைச் சுட்ட குழாயால் இனி நாம் சுடலாம். நகரின் மின்சாரத்தை உறிஞ்சும் இராட்சத இயந்திரப் புழுவையும் நகர மண்டபத்தின் உச்சியில் இத்தாங்கியினுட் புகுந்தே வெல்லவேண்டும்.

மன்னார்த் தீவின் பேசாலையிலே, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்தினர் கொண்டுவந்த கருவியில் சிறுவர் சிலர் இக்கட்டத்தை ஆடுவதை நாம் காண நேர்ந்தது. அருகிலிருந்த முதியவர் ஒருவர் கடற்றொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “உள்ளுக்க ஆர் இருந்து ஓட்டுறது?” என்று கேட்டார். “ஒருத்தருமில்லை அப்பப்பா, அதுவே ஆள்தான்” என்றான் சிறுவன். இவ்வினாவும் விடையுமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயின.

சிறுவன் கூறியது முற்றிலும் சரி. ஷேர்மினுள்ளே சாரதியில்லை, சுடுபவனில்லை, கட்டளையிடுபவனுமில்லை. அதற்குக் கண்கள் உண்டு. தவளை எவ்வாறு இயற்கையின் ஓர் உயிரோ, அவ்வாறே இவ்வுலகில் தாங்கியும் ஓர் உயிர். மனித உழைப்பின் விளைபொருள்கள் தமக்கெனச் சொந்த உயிர் பெற்றனபோல் மனிதர்முன் தோன்றுவதை மார்க்ஸ் 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் விளக்கினார். மனிதருக்கிடையிலான உறவு, பொருள்களின் இயல்பாகத் தோற்றங்கொள்கிறது. ஷேர்ம் இத்தோற்றத்துக்கு ஒரு சித்திரமாகவே அமைந்துவிடுகிறது. அதனை வார்த்த உலையும், விலைகொடுத்த அரசும், உள்ளே வியர்க்கும் படைவீரனும் மறைந்து, பிறவியிலேயே சுடும் குணமுடைய ஒரு பிராணி மட்டும் எஞ்சுகிறது.

தாங்கி என்ற சொல்லின் வரலாறும் மறைத்தலின் வரலாறே. முதலாம் உலகப் போரின்போது இவ்வாயுதத்தை இரகசியமாக உருவாக்கிய பிரித்தானியர், அதன் நோக்கம் வெளிப்படாதிருக்க, நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல்லை அதற்கு இட்டனர். 1916 செப்ரெம்பர் 15இல் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறக்கப்பட்டது. மன்னார்ப் பெருநிலப்பரப்பின் வயல்களுக்கு நீரூட்டும் கட்டுக்கரைக்குளத்தையும் ஆங்கில நிலப்படங்கள் இதே சொல்லாலேயே குறிக்கின்றன. எமது வழக்கிலும் தண்ணீர்த் தாங்கி, யுத்தத் தாங்கி என இரண்டும் ஒரு சொல்லிலே நிற்கின்றன. ஒன்று நீரைத் தாங்குவது. மற்றையது எதனைத் தாங்குகிறது என்ற வினாவையே முதியவர் எழுப்பினார்.

பிறர் உடலுட் புகுதல் தமிழ் மரபுக்கு அந்நியமானதன்று. கூடுவிட்டுக் கூடு பாய்தலைச் சித்தர் கதைகளிலும் விக்கிரமாதித்தன் கதைகளிலும் நாம் அறிவோம். அவற்றுள் திருமூலர் வரலாறு இங்கு ஒப்புநோக்கற்பாலது. மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, அவனைச் சுற்றி நின்று வருந்தும் பசுக்களின் துயர் தீர்க்கவே யோகியார் அவனுடலுட் புகுகின்றார். மாலையில் பசுக்கள் தாமாகவே வீடு திரும்புகின்றன. மூலனின் மனைவி வந்து தன் கணவனென உரிமை கோருகின்றாள். யோகியார் தம் பழைய உடலைத் தேடினால் அது வைத்த இடத்தில் இல்லை. புகுந்த உடலுக்கு ஒரு தொழிலும் குடும்பமும் ஊரும் உண்டென்பதையும், புகுந்தவர் அவற்றுக்கு விடைசொல்ல நேரும் என்பதையும் அக்கதை மறக்கவில்லை. மாரியோ புகும் தாங்கியிடம் உரிமைகோரி எவரும் வருவதில்லை. வேண்டும்போது புகலாம்; வேண்டாதபோது வெளியேறலாம். புகுந்தவன் எவ்வித மாற்றமுமின்றித் தானாகவே திரும்புகின்றான்.

பகைவரின் பொருளைக் கைக்கொள்ளுதல் வீரயுகப் பாடல்களிலும் பெருவழக்கு. ஆயினும் அங்கே நிகழ்வதைக் கூர்ந்து நோக்கவேண்டும். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலிடையே இருந்த பகைவரின் காவல்மரமாகிய கடம்பினை வெட்டினான்; வெட்டிய மரத்தால் முரசு செய்தான். புறநானூற்றின் 40ஆம் பாட்டிலே ஆவூர் மூலங்கிழார் பாடும் சோழன், பகைமன்னரின் முடிப்பொன்னை அழித்துத் தன் காலுக்குக் கழலாக்கினான். இவை கொடுஞ் செயல்களே. அவற்றைப் போற்றுவது எமது நோக்கமன்று. பகைவனின் பொருள் அதே வடிவில் தன்னிடம் வந்து தனக்கு உதவும் என்று அச்சமுதாயம் கருதவில்லை என்பதே இங்குக் கவனிக்கவேண்டியது. மரம் முரசாகவேண்டும், முடி கழலாகவேண்டும். கைப்பற்றுதலை உருமாற்றுதல் தொடர்கிறது. ஷேர்மோ மீசை முளைத்த பின்னரும் தாங்கியாகவே இருக்கிறது. குழாய் திரும்பும் திசை மட்டுமே மாறுகிறது.

இவ்வேறுபாடு அழகியல் சார்ந்தது மட்டுமன்று. அரசியலின் அடிப்படை வினாவொன்றும் இதனுள் அடங்கியுள்ளது. 1871இல் பாரிஸ் கொம்யூன் வீழ்த்தப்பட்டபின் ‘பிரான்சில் உள்நாட்டுப் போர்’ என்ற நூலில் மார்க்ஸ் முன்வைத்த படிப்பினை யாதெனில், ஏற்கெனவே ஆயத்தமாயிருக்கும் அரசு இயந்திரத்தைத் தொழிலாளி வர்க்கம் அப்படியே கையிலெடுத்துத் தன் நோக்கத்துக்குச் செலுத்திவிட முடியாது என்பதாகும். 1872இல் ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’யின் ஜேர்மன் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் மார்க்ஸும் எங்கெல்ஸும் இதனை மீண்டும் வலியுறுத்தினர். இயந்திரத்தின் நோக்கம் அதன் அமைப்பிலேயே பதிந்துள்ளது. ஓட்டுபவனை அது தனக்கேற்பப் பழக்கிக்கொள்கிறது. மாரியோவின் கதையே இதற்குச் சான்று. பாய்தலைத் தன் முழுக்கலையாகக் கொண்ட அத்தொழிலாளி, தாங்கியினுட் புகுந்ததும் சுடுதலையே தொழிலாகக் கொள்கின்றான். இறுதிக் கட்டத்தில், இளவரசி பீச்சைக் கவர்ந்துசென்ற பௌசரின் உடலினுள்ளேயே அவன் புகுந்து, பௌசரின் வலிமையால் வழியை உடைத்து வெளியேறுகின்றான். அதன்பின் இருவரும் போட்டியிட்டு இளவரசியிடம் திருமணம் கேட்கின்றனர். அவளோ இருவரையும் மறுத்துவிடுகின்றாள். பகைவனின் உடலிலிருந்து மீண்டவன் பகைவனின் நடத்தையையும் சிறிது உடன்கொண்டு வந்ததை அவள் கண்டுகொண்டாள் எனலாம். படைப்பாளிகள் நகைச்சுவையாக அமைத்த இம்முடிவு, அவர்கள் எண்ணியதற்கு மேலாகப் பேசுகிறது.

இப்படிப்பினையை மன்னார் மண் ஏட்டின் வழியே கற்கவில்லை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய மன்னார்க் கோட்டையை 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். ஒவ்வொருவரும் முந்தையவரைக் கொடியவரென்றே கூறினர். கொடி மாறியது, கோட்டையின் தொழில் மாறவில்லை. இக்கரையின் முத்துச் சலாபத்தின் பயன் யார் ஆண்டபோதும் ஆண்டவரையே சேர்ந்தது. மூச்சடக்கிக் கடலில் இறங்கிய குளியாளி, மூன்று ஆட்சியிலும் குளியாளியாகவே இருந்தான்.

அண்மைய போரின் வரலாறு இன்னும் கசப்பானது. மன்னாரிலிருந்து வடக்கே செல்லும் கடலோரத் தெரு பூநகரியை அடைகிறது. 1993 நவம்பரில் பூநகரி முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள் அங்கிருந்த டி-55 ரகத் தாங்கிகளைக் கைப்பற்றினர். கைப்பற்றியதைப் பின்னர் தம் படையிலும் பயன்படுத்தினர். சோஷலிசத்தின் பெயரால் ஆண்ட சோவியத் நாட்டில் வடிவமைக்கப்பட்டு, இலங்கை அரசின் கையில் தமிழரைச் சுட்ட இயந்திரம் கைமாறியபோது, அதன் இயல்பே மாறிவிட்டதாகப் பலர் மகிழ்ந்தனர். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1990 ஒக்ரோபரிலே, எருக்கலம்பிட்டி, தாராபுரம் உள்ளிட்ட ஊர்களின் முஸ்லிம் மக்கள் அதே இயக்கத்தினால் மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தனர். மக்களைப் பிறந்த மண்ணிலிருந்து பெயர்க்கும் கொடுமையை அரசிடம் அனுபவித்தோர் அதனையே அயலவர்மீது செலுத்தினர். 2008இல் அரசபடை இப்பெருநிலப்பரப்பைப் பிடித்து முன்னேறியபோது மடுவிலும் அடம்பனிலும் விடத்தல்தீவிலும் ஊர்கள் வெறுமையாயின. துப்பாக்கி யாரிடம் இருந்ததென்பது முக்கியமற்றதென நாம் கூறவில்லை. ஒடுக்குவோனையும் ஒடுக்கப்படுவோனையும் ஒரே தட்டில் வைக்கும் நடுநிலை எமதன்று. கை மாறினாற் போதும் என்ற நம்பிக்கை ஒடுக்கப்பட்டோருக்கே அதிக இழப்பைத் தந்தது என்பதைத்தான் கூறுகின்றோம்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பகைவனின் உடலுட் புகுவது பகைவனை அறிவதன்றோ? பகைமை பிறவிக் குணமன்று, தலையிலிருக்கும் தொப்பியைப் பொறுத்தது என்றன்றோ இவ்விளையாட்டு கற்பிக்கிறது? இம்மறுப்பில் உண்மையுண்டு. தவளையாகிப் பாயும்போதும் மீனாகி நீந்தும்போதும், வேறோர் உடலின் வழியே உலகை உணரும் அரிய அனுபவம் ஆடுபவருக்குக் கிட்டுகிறது. இஃது இவ்வடிவத்தின் உண்மையான கலைச்சாதனை. நாவலோ திரைப்படமோ இதனை இவ்வளவு நேரடியாகத் தரமுடியாது. ஆனால் தவளையின் பாய்ச்சல் தவளைக்குரியது. தாங்கியின் சூடு தாங்கிக்குரியதன்று. அதன் பின்னால் மனிதர் இருக்கின்றனர். உயிரையும் உற்பத்திப் பொருளையும் ஒரே வகையாகக் காட்டும் இடத்திலேயே படைப்பு தன் சாதனையைத் தானே குறைத்துக்கொள்கிறது. உள்ளே ஒரு மனிதன் இருந்திருந்தால், தொப்பியை எறிவதற்கு முன் ஆடுபவரின் கை ஒருகணம் தயங்கியிருக்கும். அத்தயக்கம் விளையாட்டைக் கெடுத்திராது, ஆழப்படுத்தியிருக்கும்.

சிறுவர்கள் இவ்விளையாட்டை ஆடக்கூடாதென்று நாம் கூறவில்லை. பேசாலைச் சிறுவர்கள் மகிழ்ந்து ஆடினர். நாமும் கருவியை வாங்கி ஆடிப்பார்த்தோம். தாங்கியினுட் புகுந்ததும் எமக்கும் உவகை உண்டாயிற்று. அவ்வுவகையை ஒப்புக்கொள்ளாத திறனாய்வு நேர்மையற்றது. ஆனால் போர் முடிந்தபின் பிறந்த அச்சிறுவர்கள் தாங்கியை முதன்முதலாகத் திரையில் ஆளில்லாத பிராணியாகக் காண்கின்றனர். அதே ஊரின் முதியவரோ, தாங்கியென்றதும் உள்ளிருப்பவனைத் தேடுகின்றார். இவ்விரு பார்வைகளுக்குமிடையே உரையாடல் அற்றுப்போகாமல் காப்பதே இத்துறையில் தமிழ்த் திறனாய்வு செய்யவேண்டிய முதற்பணி. முதியவரின் வினாவுக்குச் சிறுவன் அளித்த விடை, விளையாட்டைப் பொறுத்தவரை சரியானது. அவன் அவ்விடையை விளையாட்டுக்கு வெளியேயும் சரியென்று கொள்ளாதிருக்க வேண்டுமானால், அவ்வினாவை நாம் அவனிடம் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.